ஏழேகாலுக்கு வருவதாகச் சொன்ன ஓட்டம்

அந்தப் பத்து கிலோமீட்டர் ஓட்டத்துக்கு நான் பெயர் கொடுத்தது மதினிக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த மாதம் தூத்துக்குடியில் என் முதல் அரை மாரத்தான் இருந்தது. இருபத்தியோரு கிலோமீட்டர். அதற்கு மூன்று வாரம் முன்னால் ஒரு சின்னப் போட்டியில் ஓடிப் பார்ப்பது நல்லது என்று எங்கள் ஓட்டக்காரர்களின் வாட்ஸப் குழுவில் சொன்னார்கள். கூட்டத்தோடு கிளம்பும்போது கால் தானாக வேகமெடுக்கும். அதை அடக்கிப் பழக ஓர் ஒத்திகை வேண்டும் என்றார்கள். கோவில்பட்டியிலேயே அப்படி ஒரு போட்டி வந்தது. ஊருக்கு வெளியே ஒரு மைதானத்தில் தொடங்கி, இடைசெவல் பக்கமாக கிராமத்துச் சாலையில் போய், வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு அதே மைதானத்துக்கு வந்து முடியும்.

"போன வாரம்தான் பதினாறு ஓடிட்டியே. பெறவு இந்தப் பத்து எதுக்குட்டி?" என்றாள் மதினி.

"கூட்டத்துல ஓடிப் பழகணும் மதினி."

"நான் வண்டியில பின்னாடி வரலாமா?"

"வண்டி விட மாட்டாங்களாம்."

அவள் பெயின்ட் டப்பா அடுக்குவதுபோல எச்சில் பாத்திரங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அழுத்தி வைத்தாள்.

மதினி என் அண்ணனின் மனைவி. எனக்கு ஒரு வயது இளையவள். அண்ணன் இறந்து இரண்டு வருடமாகிறது. நாற்பத்தேழு வயது. காலையில் தண்ணீர்த் தொட்டி நிரம்பியதா என்று பார்க்க மொட்டைமாடிக்குப் போனவன் அங்கேயே விழுந்து கிடந்ததை மதினிதான் போய்ப் பார்த்தாள். அவன் நடத்திய பெயின்ட் கடையை இப்போது மதினி பார்க்கிறாள். இரண்டு தெரு தள்ளி நான் மெடிக்கல் வைத்திருக்கிறேன். பார்மசி படித்தவள் நான்தான். மருந்துகளைப் பற்றித் தெரிந்துவைத்திருப்பது சில நேரம் பெரிய தொந்தரவு. நெஞ்சில் ஒரு பிடிப்பு வந்தால் மற்றவர்களுக்கு அது வாயு. எனக்கு அதற்கு எட்டுப் பெயர் தெரியும்.

அண்ணன் பிரஷர் மாத்திரை வாங்கியது என் கடையில்தான். அவனுடைய பதினாறாம் நாள் முடிந்து கடை திறந்த அன்று, கம்ப்யூட்டரில் அவன் பெயரைத் தட்டிப் பார்த்தேன். கடைசி மூன்று மாதமாக அவன் மாத்திரை வாங்கியிருக்கவில்லை. அந்த மூன்று மாதத்தில் எத்தனையோ தடவை கடைக்கு வந்திருக்கிறான். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து டீ குடித்திருக்கிறான். நான் கேட்கவில்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை.

அதற்குப் பிறகுதான் நான் திருநெல்வேலிக்குப் போய் இதயத்துக்கான எல்லாப் பரிசோதனையும் எடுத்தேன். ஒன்றும் இல்லை, நடங்கள், முடிந்தால் ஓடுங்கள் என்று டாக்டர் சொன்னார். நடந்தேன். ஓடினேன். நாடித்துடிப்பு காட்டும் கைக்கடிகாரம் ஒன்று வாங்கிக் கட்டிக்கொண்டேன். நூற்றி அறுபதைத் தாண்டக் கூடாது என்று எனக்கு நானே ஒரு கோடு போட்டுக்கொண்டேன். டாக்டர் போட்ட கோடு அல்ல அது. நான் ஓடத் தொடங்கிய இரண்டாவது வாரமே மதினி தன் ஸ்கூட்டியோடு வந்துவிட்டாள். விடியற்காலையில் எனக்குப் பத்தடி பின்னால் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு உருட்டிக்கொண்டே வருவாள். தண்ணீர் பாட்டிலும் என் போனும் அவள் வண்டியில் இருக்கும். ஓடாதே என்று ஒரு நாளும் சொன்னதில்லை. என்னை ஓடவிட்டுவிட்டு வீட்டில் இருக்கவும் அவளால் முடியவில்லை.

போட்டியன்று காலை அவளே என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். முந்தின நாள் ராத்திரி நல்ல மழை. மைதானத்தில் அங்கங்கே தண்ணீர் தேங்கிக் கிடந்தது. நூறு பேர் இருக்கும். என் சட்டையில் நம்பர் அட்டையைக் குத்திவிட்டபோது ஊக்கு இரண்டு தடவை அவள் கையிலிருந்து நழுவியது.

"எத்தன மணிக்கு வருவே?"

"ஆறு மணிக்குக் கிளம்புதோம். எழுபத்தஞ்சு நிமிஷம். ஏழேகாலுக்கு வந்துருவேன்."

"ஏழேகால்னா ஏழேகாலா?"

"ஒண்ணு ரெண்டு நிமிஷம் முன்னப்பின்ன ஆகும் மதினி."

போனையும் பையையும் அவளிடம் கொடுத்துவிட்டுப் போய் வரிசையின் கடைசியில் நின்றேன்.

முதல் கிலோமீட்டரில் குழுவில் சொன்னபடியே நடந்தது. எல்லோரும் பறந்தார்கள், நானும் கூடவே பறந்தேன். கடிகாரத்தைப் பார்த்தால் நூற்றி அறுபத்தாறு. வேகத்தைக் குறைத்தேன். கூட்டம் என்னைத் தாண்டிக்கொண்டு போயிற்று. இரண்டாவது கிலோமீட்டர் முடிவதற்குள் கடைசி ஆட்களில் ஒருத்தியாகிவிட்டேன். எனக்கு முன்னால் ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார். தூத்துக்குடியில் உப்புக் கம்பெனி ஒன்றில் கணக்கு வேலை பார்ப்பதாகச் சொன்னார். அவரும் அரை மாரத்தானுக்காகத்தான் வந்திருந்தார். பேச்சு அதோடு நின்றது. இருவருக்கும் மூச்சு தேவைப்பட்டது.

நாலாவது கிலோமீட்டர் தாண்டி ஒரு கவட்டை வந்தது. ஒரு பாதை நேராகவும் ஒன்று வலதுபக்கமும் போனது. அங்கே ஆள் நிற்பார் என்று சொல்லியிருந்தார்கள். யாரும் இல்லை. ஒரு பைக் மட்டும் ஸ்டாண்டு போட்டு நின்றது. தரையில் சுண்ணாம்புப் பொடியில் போட்ட அம்பு மழையில் கரைந்து வெள்ளையாக ஒரு தீற்றலாகக் கிடந்தது. முன்னால் போனவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. அந்த உப்புக் கம்பெனி அண்ணாச்சி நேராகப் போனார். நான் அவர் பின்னால் போனேன்.

கொஞ்ச தூரத்தில் தார் முடிந்து கரிசல் தொடங்கியது. இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு அங்கேயே உறைத்திருக்க வேண்டும். மழை பெய்த கரிசலில் எவனும் ஓட்டப்பந்தயம் வைக்க மாட்டான். ஆனால் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு ஓடுகிறவளுக்கு வேறு எதுவும் கண்ணில் படுவதில்லை. இருபது அடி வைத்ததும் ஷூவின் அடியில் மண் அப்பத் தொடங்கியது. ஐம்பது அடியில் ஒவ்வொரு காலும் அம்மிக்கல் மாதிரி ஆகிவிட்டது. ஓரத்துப் புல்லில் தேய்த்துத் தேய்த்து நடந்தோம். இரண்டு பக்கமும் முளைத்து இரண்டு இலை விட்ட உளுந்து. ஒரு ஆள் இல்லை. ஒரு திருப்பத்தில் கால் வழுக்கி இடது கையை ஊன்றி விழுந்தேன். முழங்கைவரை கறுப்பாகிவிட்டது.

"வழி இதானா அண்ணாச்சி?" என்றேன்.

"எனக்கும் அதான் சந்தேகமா இருக்கு," என்றார்.

இன்னும் கொஞ்சம் போனதும் மண்வெட்டியோடு ஒருவர் வாய்க்காலை வெட்டிவிட்டுக்கொண்டிருந்தார். நம்பர் அட்டை குத்திய எங்கள் இருவரையும் நிமிர்ந்து பார்த்தார்.

"எங்க போறிய?"

"ரோடு இப்படித்தான சுத்தி வருது?"

"இங்கன ரோடு கிடையாதும்மா. நேர போனா கம்மாக்கரைதான். ஓடுதவுக எல்லாம் அந்தக் கவட்டையில வலது பக்கம்லா திரும்புவாக."

கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறே முக்கால். தப்பான பாதையில் ஒன்றரை கிலோமீட்டர் வந்திருந்தோம். அந்தச் சேற்றில் அவ்வளவும் திரும்பிப் போக வேண்டும், அதன்பிறகு ஆறு கிலோமீட்டர் மிச்சம் இருக்கிறது. நின்ற இடத்திலேயே மனக்கணக்குப் போட்டேன். ஏழே முக்காலுக்கு முன்னால் போய்ச் சேர வழியே இல்லை.

"உங்ககிட்ட போன் இருக்கா?" என்று மண்வெட்டிக்காரரிடம் கேட்டேன்.

இடுப்பிலிருந்து எடுத்து, வேட்டியில் துடைத்துக் கொடுத்தார். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மதினியின் நம்பர் எனக்குத் தெரியாது. தினமும் நாலு தடவை கூப்பிடுகிறவளின் நம்பர். போனில் பெயரைத் தொட்டே பழகிவிட்டது. கடை நம்பர் மட்டும் மனப்பாடம், மருந்துக் கவரில் அடித்திருப்பது. கடைக்குப் போட்டேன். எட்டு மணிக்குத்தான் என் வீட்டுக்காரர் கடை திறப்பார் என்று தெரிந்தும் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. என் போன் மதினியின் கையில்தான் இருக்கிறது, என் நம்பரையே அடித்திருக்கலாம். அந்த நேரத்தில் அது எனக்குத் தோன்றவே இல்லை. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்த வழியே திரும்பினேன்.

கவட்டைக்கு வந்தபோது மணி ஏழு தாண்டியிருந்தது. பைக்குக்காரர் இப்போது அங்கே நின்றார். டீ குடிக்கப் போயிருந்தாராம். அவரைத் திட்டக்கூட நேரம் இல்லை. அவரிடமும் போன் இருந்திருக்கும். அதுவும் தோன்றவில்லை. ஒரு கல்லில் ஷூவைத் தட்டி மண்ணை உதிர்த்துவிட்டு ஓடினேன்.

ஏழேகால் வந்ததும் கடிகாரம் என்ன சொல்கிறது என்று பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. மைதானத்தில் மதினி இப்போது வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். ஒன்று இரண்டு நிமிடம் முன்னப்பின்ன ஆகும் என்று சொல்லியிருக்கிறேன். ஏழு பதினேழு. ஏழு இருபது. இப்போது அவள் பக்கத்தில் நிற்கிறவர்களிடம் கேட்டிருப்பாள். வேகமாகப் போனால் அவளுடைய பயம் சீக்கிரம் தீரும். எனக்கோ வேகமே பயம். நூற்றி எழுபத்தொன்று. மெதுவாகப் போ என்று உடம்பு சொன்னது. மெதுவாகப் போகும் ஒவ்வொரு நிமிடமும் அங்கே ஒருத்தி மொட்டைமாடிப் படியில் ஏறிக்கொண்டிருக்கிறாள். நூற்றி அறுபது என்று போட்ட கோட்டைக் கைவிட்டேன். நூற்றி எழுபத்தாறு. இதுவரை நான் பார்த்தே இராத எண்.

ஏழாவது கிலோமீட்டர் பக்கம் இடது கை வலித்தது. முழங்கையிலிருந்து தோள்வரை.

நின்றுவிட்டேன். ஒரு பாலத்துச் சுவரில் உட்கார்ந்து கழுத்தில் இரண்டு விரலை வைத்தேன். துடிப்பு விரலைத் தள்ளியது. வியர்வை குளிர்ந்தது. வியர்வை குளிர்வதற்கும் எனக்கு ஒரு பெயர் தெரியும். பின்னால் வந்த அண்ணாச்சி பக்கத்தில் நின்றார்.

"என்ன செய்யுது?"

"கை வலிக்கு."

"எந்தக் கை?"

காட்டினேன். குனிந்து பார்த்தார். "இந்தக் கையத்தான சேத்துல ஊனுனீய? இங்கன பாருங்க, செராய்ச்சிருக்கு." முழங்கையைத் தொட்டதும் எனக்குச் சுள்ளென்றது. வீங்கியிருந்தது. விழுந்தது நினைவிருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் புத்தி வரவில்லை.

"தண்ணி குடிங்க. ரெண்டு நிமிசம் இருந்துட்டுப் போவோம்."

இரண்டு நிமிடம் உட்கார்ந்திருந்தேன். நூற்றி நாற்பது. நூற்றி இருபத்தெட்டு. இறங்கியது. இறங்க வேண்டிய மாதிரியே இறங்கியது. கடையில் மாத்திரை எண்ணுவதுபோல அந்த எண்களை ஒவ்வொன்றாக எண்ணினேன். பிறகு எழுந்து ஓடினேன். அண்ணாச்சி முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "நீங்க போங்க தங்கச்சி, நான் பைய வாரேன்," என்றார்.

மைதானத்துக்குள் நுழைந்தபோது மணி ஏழு ஐம்பது. வளைவு பேனரைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் இட்லிப் பொட்டலமும் மெடலும் கொடுத்தாள். நான் மதினியைத் தேடினேன். எங்கும் இல்லை. ஸ்கூட்டியும் இல்லை.

"பச்சச் சுடிதார் போட்ட அக்காவா?" என்றாள் அந்தப் பெண். "ஏழு இருபத்தஞ்சு வரைக்கும் இங்கனதான் நின்னாங்க. ரெண்டு பேரு வரலன்னு சொன்னதும் வண்டிய எடுத்துட்டு ஓடுற ரோட்டுக்குள்ள போயிட்டாங்க. இருங்கன்னு சொன்னோம். கேக்கல."

நான் திரும்பி வந்த வழியாக அவள் வரவில்லை. கிளம்பின வழியாகவே போயிருக்கிறாள். நேரத்தைக் கணக்குப் பார்த்தால், நான் பாலத்தில் உட்கார்ந்து நாடி எண்ணிக்கொண்டிருந்தபோது அவள் அந்தப் பக்கச் சாலையில் கவட்டையை நோக்கிப் போய்க்கொண்டிருந்திருக்கிறாள். அந்தப் பெண்ணின் போனை வாங்கி இப்போது என் நம்பரை அடித்தேன். சாமான் வைக்கும் மேஜைக்கு அடியில் மதினி வைத்துவிட்டுப் போன என் பைக்குள்ளிருந்தே அது அடித்தது. எடுத்து மதினியைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். ஆறு தடவை. ஒவ்வொரு தடவையும் கடைசிவரை அடித்து ஓய்ந்தது.

இருபது நிமிடம் அந்த வாசலில் நின்றேன். ஓடியதைவிட நின்றதுதான் கஷ்டமாக இருந்தது. சேற்றில் வண்டியைவிட்டு விழுந்திருப்பாளோ. நாலுவழிச் சாலையைக் கடக்கும்போது லாரி எதுவும். அவளுக்கு ஏதாவது ஆனால் அவள் பிள்ளைகளுக்கு நான் என்ன சொல்வேன். அண்ணாச்சி நொண்டிக்கொண்டே வந்து சேர்ந்தார். ஸ்கூட்டியில் பச்சைச் சுடிதாரோடு யாரையாவது பார்த்தீர்களா என்றேன். இல்லை என்றார். அவரும் என்னோடு நின்றார்.

எட்டேகாலுக்கு அவள் வந்தாள். வண்டி உறுமிக்கொண்டே வந்தது, மட்கார்டு முழுக்க மண் அடைத்திருந்தது. செருப்பில்லை. கால் முட்டிவரைக்கும் கரிசல். என்னைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தினாள், ஆனால் இறங்கவில்லை. ஹேண்டில்பாரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"போன எடுக்கலயே மதினி."

"சீட்டுக்கு அடியில கெடக்கு."

"வழி தப்பிட்டோம். அந்தக் கவட்டையில."

"தெரியும். ஷூத் தடம் பாத்தேன்." தன் காலில் ஒட்டிய கரிசலைப் பார்த்தாள். "ஒரு எடத்துல ஆளு விழுந்த தடம் இருந்துச்சு. கை அழுந்தியிருந்துச்சு. நீதான்னு நெனச்சேன்."

"நான்தான். வழுக்கிட்டு."

"அந்தத் தடத்துக்கு அங்கிட்டு போக எனக்குக் காலு வரல. ஆனாலும் போனேன். வண்டிய அங்கனயே போட்டுட்டு நடந்தே போனேன். மம்பட்டிக்காரருதான் ரெண்டு பேரும் திரும்பிப் போயாச்சுன்னு சொன்னாரு."

"அஞ்சு நிமிஷம் பொறுத்திருந்தா நானே வந்திருப்பேம்லா மதினி," என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. களைப்பில் வந்துவிட்டது.

அவள் என்னை நேராகப் பார்த்தாள்.

"அன்னைக்குப் பொறுத்துத்தான் இருந்தேன்," என்றாள். "தொட்டி பாக்கப் போன மனுசன எறங்கக் காணும்னு தோணுச்சு. யார்கிட்டயோ போன்ல பேசுதாகன்னு நெனச்சேன். தோச ஊத்திட்டு இருந்தேன். மூணு தோச ஊத்தி வச்சேன். இருபது நிமிசம். அதுக்குப் பெறவுதான் மேல போனேன். இனிமே நான் யாருக்கும் பொறுத்திருக்க மாட்டேன்."

அவள் அழவில்லை. குரல்கூட உயரவில்லை. அண்ணாச்சி நகர்ந்து போய் பேனர் கழற்றுகிறவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இரண்டு வருடத்தில் அந்த இருபது நிமிடத்தைப் பற்றி அவள் பேசி நான் கேட்டதில்லை. அந்த நேரத்தில் என் மூன்று மாதத்தைச் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. அவளுக்கு அது ஆறுதலாக இருக்குமா, இல்லை என்னை வெறுக்க ஒரு காரணமாக இருக்குமா என்று தெரியவில்லை. சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. வண்டியில் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். வீட்டு வாசலில் இருவரும் குழாயைத் திறந்துவிட்டு, குச்சியால் காலையும் ஷூவையும் மட்கார்டையும் சுரண்டினோம். கரிசல் லேசில் விடாது.

அந்த வாரம் முழுக்க ஓடவில்லை. முழங்கை வீக்கம் ஒரு காரணம். மற்றபடி, ஓடுகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அரை மாரத்தானை விட்டுவிடலாம் என்று நான் முடிவு செய்திருந்த நேரத்தில் மதினிதான் கடைக்கு வந்து ஒரு பொட்டலத்தைக் கல்லாவில் வைத்தாள். இடுப்பில் கட்டிக்கொள்ளும் ஒரு பட்டை, போன் வைக்கும் பையோடு.

"அஞ்சு கிலோமீட்டருக்கு ஒருக்கா பேசணும்," என்றாள். "பேசுனா நான் முடியுற எடத்துல நிக்கேன். இல்லன்னா வரல."

தூத்துக்குடியில் கடல் காற்று எதிர்த்து அடித்தது. ஐந்தாவது கிலோமீட்டரில் பேசினேன். "அஞ்சு," என்றேன். "சரி," என்றாள். பத்தில் பேசினேன். பக்கத்தில் ஓடியவர்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள். பதினைந்தில் நடந்துகொண்டிருந்தேன்.

"பதினஞ்சு. ஓட முடியல."

"நெஞ்சா?"

"நெஞ்சு ஒண்ணுமில்ல. காலுதான்."

"காலுதானா. அப்ப நட."

கடிகாரம் நூற்றி அறுபத்தி நாலு காட்டியது. நடந்தேன், ஓடினேன், நடந்தேன். இருபதாவது கிலோமீட்டர்ப் பலகையைத் தாண்டியபோது பேச வேண்டும் என்ற நினைப்பே இல்லை. கால் இரண்டும் வேறு யாருடையவோ மாதிரி இருந்தன. முடித்தபோது இரண்டு மணி ஐம்பத்தாறு நிமிடம்.

மதினி கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண்ணோடு பேசிக்கொண்டு நின்றாள். அந்தப் பெண்ணின் மகளும் ஓடிக்கொண்டிருந்தாளாம். புதியம்புத்தூரில் தையல் யூனிட் வைத்திருப்பவள். நைட்டித் துணியைப் பற்றிப் பேச்சு மும்முரமாகப் போய்க்கொண்டிருந்தது. நான் பக்கத்தில் போய் நின்ற பிறகுதான் மதினி திரும்பினாள்.

"வந்துட்டியா," என்றாள். பிறகு யோசித்து, "இருபதுல பேசலயே?"

"மறந்துட்டேன் மதினி."

அவள் தன் கையிலிருந்த போனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"நானும் மணி பாக்கல," என்றாள்.